ஆறு மாதம் உயிரோடு இருந்து காட்டு

தமிழில் ‘தகைமை’ என்று ஒரு சொல் இருக்கிறது, ‘அருகதை’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்தால் தகைமை கேட்பார்கள்: படிப்பு, அனுபவம், மொழி. அருகதை வேறு. அது ஒருவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பற்றிய தீர்ப்பு. ‘இதைப் பேச உனக்கு என்ன அருகதை?’ என்று கேட்கிறபோது நாங்கள் யாருடைய சான்றிதழையும் பார்க்க நினைப்பதில்லை. இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு ஒரு விடயம் சட்டென்று பிடிபட வேண்டும். ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு ஆளைத் தெரிவு செய்யும் இடத்தில், தகைமை என்ற பெயரில் பல ஆண்டுகளாக அருகதைதான் அளக்கப்பட்டு வந்திருக்கிறது. அதற்கு எதிராகவே இந்தக் கட்டுரை.

2010 நவம்பரில் ஒன்ராறியோவில் மார்க் செல்கேர்க் என்பவருக்கு மதுவால் வந்த கடும் ஈரல் அழற்சி இருப்பது தெரியவந்தது. இரண்டு வாரத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி டெப்ரா தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அன்றைய விதி குறுக்கே நின்றது. மதுவால் ஈரல் கெட்டவர் குறைந்தது ஆறு மாதம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்திருந்தால்தான் பட்டியலில் சேர்க்கப்படுவார் என்றது அந்த விதி. இரண்டு வாரம் மட்டுமே மிச்சமுள்ள ஒருவரிடம் ஆறு மாதம் கேட்டால் அதற்கு என்ன பொருள்? முதலில் ஆறு மாதம் உயிரோடு இருந்து காட்டு, உயிர் தருவதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பதுதான்.

டெப்ரா செல்கேர்க் அதோடு விட்டுவிடவில்லை. குடிநோயும் ஒரு நோய், அதைக் காரணம் காட்டி இன்னொரு நோய்க்கான சிகிச்சையை மறுப்பது கனடாவின் உரிமைகள் சாசனத்துக்கு முரண் என்று நீதிமன்றம் போனார். 2018இல் ஒன்ராறியோ மூன்று ஆண்டுச் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆறு மாதக் கணக்கை ஒதுக்கிவைத்து, குடிநோய்க்கும் சேர்த்தே சிகிச்சை கொடுத்து, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கும் திட்டம் அது. அதன் முடிவுகள் 2021இல் மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தன. அனுப்பப்பட்டவர்கள் 703 பேர், தெரிவானவர்கள் 101 பேர். சிகிச்சைக்குப் பிறகு சராசரியாக 339 நாள் கண்காணித்ததில் ஒரு சிலர்தான் மறுபடி ஏதோ ஓர் அளவில் குடித்திருந்தார்கள். உயிர் பிழைத்திருந்த விகிதம், ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற நோயாளிகளுடையதிலிருந்து குறிப்பிடும்படி வேறுபடவில்லை. விதியைத் தளர்த்தினால் குடிகாரர்கள் எல்லாரும் வரிசையில் முன்னுக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏழு பேரில் ஒருவர்தான் தெரிவாகியிருக்கிறார். வாசல் அகலமாகத் திறக்கப்படவில்லை. வாசலில் நின்றவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பெயரும் இங்கே சொல்லப்பட வேண்டும். லாப்ரடோரைச் சேர்ந்த இனுக் பெண்ணான டிலைலா சாண்டர்ஸ், கொலை செய்யப்பட்ட தன் அக்கா லொரெற்றாவுக்காகவும் காணாமல் போன பூர்வகுடிப் பெண்களுக்காகவும் குரல் கொடுத்தவர். 2017 மே மாதம் இதே மொன்றியலில் சர்வதேச மன்னிப்புச் சபை வழங்கிய மனச்சாட்சித் தூதுவர் விருதைப் பூர்வகுடி உரிமை இயக்கத்தின் சார்பில் ஏற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் ஈரல் செயலிழந்து ஒன்ராறியோவில் வைத்தியசாலையில் கிடந்தார். ஆறு மாத விதியைக் காட்டி அவரைப் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். மே மாதம் மனச்சாட்சிக்காகக் கைதட்டிய நாடு, டிசம்பரில் நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னது. நல்லவேளையாக அவர் ஈரல் தானாகவே தேறியது. விதிக்குச் சாதகமான உண்மை ஒன்றும் இதில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சோதனைத் திட்டத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024இல் ஒன்ராறியோவில் 36 வயதுப் பெண் ஒருவர் மாற்று ஈரல் மறுக்கப்பட்டு இறந்தார். நோய் தெரிந்த நாளிலிருந்து குடியை விட்டிருந்தவர். அவருடைய துணைவர் தன் ஈரலில் பாதியைத் தர முன்வந்தும் ஏற்கப்படவில்லை. வைத்தியசாலைக்கு வெளியே அவர் குடிக்காமல் இருந்த காலம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வைத்தியசாலையை விட்டு வெளியே போக முடியாத அளவுக்கு நோய் முற்றியவர், வெளியே எப்படி நடந்துகொள்வார் என்று எங்கே நிரூபித்துக் காட்டுவது?

ஆறு மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது? 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்சல் முதலாவது மனித ஈரல் மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. 1967இல்தான் அவர் முதல் வெற்றியைக் கண்டார். அதே ஸ்டார்சல் 1988இல், மதுவால் ஈரல் கெட்டவர்களும் மற்ற நோயாளிகளைப் போலவே சிகிச்சைக்குப் பின் பிழைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். கேள்வி அங்கேயே முடிந்திருக்கலாம், முடியவில்லை. 1997இல் அமெரிக்க நிபுணர் மாநாடு ஒன்று பட்டியலில் சேர்வதற்கான குறைந்தபட்ச நிபந்தனைகளை வகுத்தபோது ஆறு மாத மதுவிலக்கையும் சேர்த்துக்கொண்டது. பிறகு அது நாடு நாடாகப் பரவியது.

அந்த விதிக்கு இரண்டு நியாயங்கள் சொல்லப்பட்டன. முதலாவது, குடியை நிறுத்தினால் சிலருடைய ஈரல் தானாகத் தேறிவிடும், அறுவைச் சிகிச்சையே தேவைப்படாது. இது உண்மை. டிலைலா சாண்டர்ஸின் ஈரலும் தேறியதே. ஆனால் அந்த ஈரல் தேறுமா தேறாதா என்பதை ஆறு மாதம் காத்திருந்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. கடும் ஈரல் அழற்சிக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுத்து ஏழாம் நாள் இரத்தத்தைச் சோதித்தாலே வைத்தியர்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும். அந்த மருந்துக்கு மசியாதவர்களில் நான்கில் மூன்று பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பலர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவதில்லை. பொறுத்திருந்து பார்ப்பது சிலருக்கு வைத்தியம், இவர்களுக்கு மரண தண்டனை. இருவருக்கும் ஒரே விதி என்பதில்தான் பிழை.

இரண்டாவது நியாயம், ஆறு மாதம் குடிக்காதவர் பிறகும் குடிக்கமாட்டார் என்பது. 2011இல் பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டு வைத்தியர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்துக்கு மசியாத 26 பேருக்கு, ஆறு மாதம் காத்திருக்காமல் ஈரல் மாற்றினார்கள். ஆறு மாதத்தின் பின் அவர்களில் 77 வீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை கிடைக்காத அதேபோன்ற நோயாளிகளில் 23 வீதத்தினர்தான் இருந்தார்கள். 26 பேரில் பிறகு குடித்தவர்கள் மூவர். மிகக் கவனமாகத் தெரிவு செய்யப்பட்ட சிறு கூட்டம் அது என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தின் துணை, நோயாளியின் மனநிலை, மற்ற உறுப்புகளின் நிலை எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆளைப் பார்ப்பது நியாயம். ஆளைப் பார்ப்பதற்குப் பதிலாக நாட்காட்டியைப் பார்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். விதிகளை நிரலாக மாற்றுவது என் சோற்றுக்கான வேலை. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருடைய காப்புறுதிக் கோரிக்கையை ஏற்கலாம் என்று நிறுவனங்கள் எழுதித் தருவதை இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதுகிறோம். நிரல் ஒன்றில் 180 என்று ஓர் எண் காரணம் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால், அதை மீளாய்வு செய்பவர் திருப்பி அனுப்புவார். யார் தந்த எண்? எந்தத் தரவிலிருந்து வந்தது? 170 ஆக இருந்தால் என்ன நடக்கும்? கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? தொலைபேசிக் கட்டணத்தில் இருபது டொலர் கழிவு கொடுப்பதற்கே இத்தனை கேள்வி. மனித உயிரை நிறுத்தும் எண்ணுக்கு ஏன் இருபது ஆண்டுகளாக யாரும் இவற்றைக் கேட்கவில்லை?

ஈரல் வைத்தியத்தில் ஒழுங்காகக் கேள்வி கேட்கப்பட்ட எண்ணும் இருக்கிறது. மெல்ட் என்ற மதிப்பெண் அது. இரத்தத்தில் பிலிருபின், கிரியாற்றினின், உறையும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு, இன்னும் மூன்று மாதத்தில் இந்த நோயாளி இறக்கும் அபாயம் எவ்வளவு என்று கணிக்கும். 6 முதல் 40 வரை போகும். 2002இல் அமெரிக்கா இதைக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. முன்பு எத்தனை நாள் வரிசையில் நின்றார் என்பதற்கும் முக்கியத்துவம் இருந்தது, இப்போது எவ்வளவு நோயுற்றிருக்கிறார் என்பதே முதன்மை. இதிலும் குறை இருந்தது. பெண்களின் உடலில் தசை குறைவென்பதால் கிரியாற்றினினும் குறைவாகக் காட்டும். ஆகவே அதே அளவு நோயுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு மதிப்பெண் குறைந்தது, பெண்கள் வரிசையிலேயே இறந்தார்கள். இதைத் தரவுகள் காட்டின. 2023இல் சூத்திரத்தைத் திருத்திப் பெண்களுக்குரிய புள்ளியைச் சேர்த்தார்கள்.

பிரித்தானியாவில் 2018இல் வந்த கணினிச் சூத்திரம் இன்னொரு பாடம். ஈரல் கிடைத்தால் ஒருவருக்கு எத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்று அது கணக்கிட்டது. ஐந்து ஆண்டுகள் வரைதான் எண்ணியது. இருபது வயதுக்காரர் இன்னும் ஐம்பது ஆண்டு வாழலாம் என்பது அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. இளையவர்கள் பின்னுக்குத் தள்ளப்படுவதை 2023இல் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. இயந்திரம் பாரபட்சம் பார்க்காது என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்கட்டும். இயந்திரத்துக்கு நாங்கள் எதை எண்ணச் சொன்னோமோ அதைத்தான் அது எண்ணும். ஆனாலும் இந்தக் கணக்குகள் எழுத்தில் இருந்தன. எழுத்தில் இருந்ததால் பிழை பிடிபட்டது. ‘இவர் திருந்துவாரா’ என்ற கணக்கு எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது?

ஈரலுக்கு முன்பே சிறுநீரகத்தில் இந்த விளையாட்டு நடந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் சில மட்டுமே இருந்தன. யாருக்கு இயந்திரம் என்று முடிவெடுக்க ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். ஒரு போதகர், ஒரு வழக்கறிஞர், ஒரு இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கக்காரர் என்று போகிறது பட்டியல். வைத்தியர் ஒருவர்தான். வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, படிப்பு, கோயிலுக்குப் போகும் வழக்கம் எல்லாம் பேசப்பட்டன. 1962இல் லைஃப் சஞ்சிகை இதை வெளியிட்டபோது வாசகர்கள் அதிர்ந்தார்கள். குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்களைப் போன்றவர்களையே அவர்கள் அதிகம் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். 1972இல் அரசு இரத்தச் சுத்திகரிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட பிறகு அப்படிப்பட்ட குழுக்களுக்குத் தேவையில்லாமல் போயிற்று. இருப்பது போதாதபோது அருகதை பேசுவார்கள், இருப்பதைப் பெருக்கினால் அந்தப் பேச்சு அடங்கும். சியாற்றில் சொல்லித்தரும் பாடம் இது.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். ஈரல் ஒன்று, நோயாளிகள் பத்துப் பேர், யாரையாவது விடத்தானே வேண்டும் என்பார்கள். விடத்தான் வேண்டும். யாருக்கு அவசரம், யாருக்குப் பலன் என்று பார்த்து விடுங்கள். யார் மீது பிழை என்று பார்த்து விடாதீர்கள். வேகமாகக் கார் ஓட்டி மோதியவரையும் மோதப்பட்டவரையும் அவசர சிகிச்சைப் பிரிவில் காயத்தின் அளவைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். புகைப்பிடித்தவருக்கு இதயச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். குடித்தவர் மட்டும் ஏன் தனியாக நிறுத்தப்படுகிறார்?

‘ஜோர்ஜ் பெஸ்டைப் பாருங்கள்’ என்பார்கள். உதைபந்தாட்ட வீரர் பெஸ்ட் 2002இல் புது ஈரல் பெற்றார், மறுபடி குடித்தார், 2005இல் இறந்தார். உலகத்துக்கே தெரிந்த கதை. பாடகர் டேவிட் குரொஸ்பியின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? குடியிலும் போதையிலும் உழன்றவர். 1994இல் ஈரல் மாற்றிக்கொண்டு 2023 வரை வாழ்ந்தார். பாட்டு எழுதினார், மேடையேறினார். பெஸ்டின் பெயரைச் சொல்லி எத்தனை குரொஸ்பிகளை வாசலிலேயே அனுப்பிவிட்டோம் என்பதற்குக் கணக்கு இல்லை. அனுப்பப்பட்டவர்கள் பேச உயிரோடு இல்லை.

உயிருள்ளவர் கொடுக்கும் ஈரல் விடயத்தில் இந்த வாதம் இன்னும் பலவீனமாகிறது. டெப்ரா கொடுக்கவிருந்த பகுதி வரிசையில் நின்ற எவருக்கும் உரியதல்ல. அதை ஏற்பதால் யாரும் பின்னுக்குப் போகமாட்டார். கொடுப்பவருக்கு ஆபத்து உண்டு, அரிதாக மரணமும் நேரும். பொருத்திய ஈரல் செயலிழந்தால் நோயாளி அவசரமாகப் பொதுப் பட்டியலுக்கு வரவேண்டியும் ஏற்படலாம். இவை நியாயமான கவலைகள். ஆனால் இவை எல்லா உயிர்க்கொடைக்கும் பொதுவானவை. மற்றவருக்கு ஏற்றுக்கொள்ளும் ஆபத்தைக் குடித்தவருக்கு மட்டும் ஏற்கமாட்டோம் என்றால், திரும்பவும் அருகதைக்கே வந்துவிட்டோம்.

குடிக்காதவர்களும் இதில் நிம்மதியடைய வேண்டாம். தகைமை பார்க்கும் மேசையில் இன்னொரு பகுதி இருக்கிறது. வீட்டில் துணைக்கு யார்? வைத்தியசாலைக்குக் கூட்டிவர யார்? மருந்தை நேரம் தவறாமல் எடுப்பாரா? சொல்வது புரிகிறதா? சிகிச்சைக்குப் பிறகு வாழ்நாள் முழுதும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்க வேண்டும், முதல் மாதங்களில் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் யாரை இவை வடிகட்டும் என்று யோசியுங்கள். பாக் எக்ஸ்ரென்ஷனில் ஒரு நிலவறை அறையில் தனியாக இருந்து, இரவு வேலை பார்த்து, ஊரில் மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் துணை யார் என்று சுகாதார அமைச்சின் மேசையில் கேட்கிறார்கள். துணையை வரவிடாமல் வைத்திருப்பது குடிவரவு அமைச்சின் மேசை. 2024 ஜூனிலிருந்து இரண்டு ஆண்டுக்கு 13,000 குடும்ப இணைவு விண்ணப்பங்களைத்தான் எடுப்போம் என்று கியூபெக் அரசு வரம்பு போட்டது. ஒரு மேசை கேட்கும் துணையை இன்னொரு மேசை தடுத்து வைத்தால் நோயாளியை எந்தக் கணக்கில் எழுதுவது?

மறுபக்கம் ஸ்டீவ் ஜொப்ஸ். கலிபோர்னியாவில் வாழ்ந்தவர், 2009இல் ரெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் ஈரல் பெற்றார். வரிசை குறைவான மாநிலத்திலும் பெயர் பதியலாம் என்று அமெரிக்க விதி அனுமதிக்கிறது. அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் அங்கே நிற்கச் சொந்த விமானம் வேண்டும், அவ்வளவுதான். அவர் விதியை மீறவில்லை. விதி யாருக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதை அவர் கதை காட்டுகிறது.

கியூபெக்கில் இருக்கும் எங்களுக்கு ஆறு மாதக் கெடு ஒன்று ஏற்கெனவே பழக்கம். 2022இன் மொழிச் சட்டம், புதிதாக வந்தவருக்கு ஆறு மாதத்தின் பின் அரசு பிரெஞ்சில்தான் எழுத வேண்டும் என்றது. அந்தச் சட்டம்கூட சுகாதாரத்துக்கு விலக்கு வைத்திருக்கிறது. மொழிக்காக இவ்வளவு கறாராக நிற்கிற அரசே உயிர் விடயத்தில் நெகிழ வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறது.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி எங்களைப் பற்றி. வைத்தியசாலைக் குழு கூடுவதற்கு முன்பே எங்கள் செத்த வீடுகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ‘நல்ல மனுசன், ஆனா குடிச்சுத்தானே தன்ரை ஈரலைக் கெடுத்தவர்’ என்கிற அந்த ஒற்றை வரியோடு இரக்கம் முடிந்துவிடும். எண்பதுகளில் வந்து, பனியில் தட்டுக் கழுவி, சீட்டுக் கட்டி, தங்கைமாரைக் கரைசேர்த்த தலைமுறையில் எத்தனை ஆண்கள் இரவில் ஒரு போத்தலோடு தனியே இருந்தார்கள், எதை மறக்கக் குடித்தார்கள் என்று நாங்கள் விசாரித்ததில்லை. கலியாண மண்டபத்தில் ஊற்றிக் கொடுத்தது நாங்கள். ஊற்றிக் கொடுத்தவர்களே பிறகு தீர்ப்பும் சொன்னோம்.

இந்தத் தீர்ப்பு ஆட்களைக் கொல்கிறது. செங்கண்மாரி கண்ணில் தெரிந்த பிறகும் வைத்தியரிடம் போகாமல் ஒளிக்கச் செய்கிறது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டால் மனைவியை அருகில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல வைக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத, ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமியாலோ தன்னெதிர்ப்பு நோயாலோ ஈரல் கெட்ட பெண்ணும் தன் நோயின் பெயரை வெளியே சொல்லக் கூசுகிறாள். ஈரல் என்றாலே குடி என்று சனம் நினைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சோறும் மா உருண்டையும் இனிப்பும் ஓடாத கால்களும் சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல், தென்னாசியர்களில் ஒல்லியான உடம்பிலும் வருகிறது, அதுவும் முற்றினால் இதே வரிசையில்தான் கொண்டுவந்து நிறுத்தும். அந்த நோயாளியைச் செத்த வீட்டில் யாரும் ‘தின்றுதானே கெடுத்தவர்’ என்று சொல்வதில்லை. ஏனென்றால் சொல்கிறவரின் கையிலும் ஒரு ரோல்ஸ் இருக்கிறது.

கொடுக்கும் பக்கத்திலும் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் உறுப்புப் பெற்ற ஆண்கள் 29,000க்கு மேல், பெண்கள் 7,000க்கும் குறைவு. உயிரோடு இருந்து உறுப்புக் கொடுத்தவர்களிலோ பெண்களே பெரும்பான்மை. மனைவி கொடுப்பாள், தாய் கொடுப்பாள், அவளுக்குத் தேவைப்படும்போது பட்டியலில் பெயரே ஏறாது. அவளுடைய தகைமையைத் தள்ளிவிட்டது எந்த வைத்தியக் குழுவும் இல்லை, குடும்பம். அருகதை பார்க்கும் பழக்கம் வைத்தியசாலையில் மட்டும் குடியிருக்கவில்லை.

கண்ணப்பர் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகமம் தெரிந்த சிவகோசரியாரின் கணக்கில் அந்த வேடனுக்கு எந்த அருகதையும் இல்லை. இறைச்சி தின்பவன், செருப்புக் காலோடு நுழைபவன். இரத்தம் வடிந்த கண்ணுக்குத் தன் கண்ணைத் தோண்டி அப்பியவன் அவன்தான். அதை மறைந்து நின்று பார்த்த பிறகுதான் பூசகருக்கு அளவுகோல் பிழை என்று விளங்கியது. கோயிலில் அவரை நாயனாராக வைத்துக் கும்பிடுகிற சனம், வைத்தியசாலையில் சிவகோசரியாரின் பக்கம் நிற்பது விசித்திரம்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. மொன்றியலில் பெரியவர்களுக்கான ஈரல் மாற்று மொன்றியல் பல்கலைக்கழக வைத்தியசாலையிலும் மக்கில் பல்கலைக்கழகத்தின் றோயல் விக்ரோறியாவிலும் நடக்கிறது. விதிகள் மாகாணத்துக்கு மாகாணம், மையத்துக்கு மையம் வேறுபடுகின்றன. ஒவ்வொரு மையமும் தன் நிபந்தனைகளைச் சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில் வெளியிடட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். தங்களோடு சம்பந்தமில்லாத இன்னொரு குழு அந்தக் காரணத்தை மீளப் பார்க்க வழி இருக்கட்டும், அதுவும் நோயாளி இறப்பதற்கு முன். குடிநோய்க்கான சிகிச்சை ஈரல் சிகிச்சையின் வாசலில் போட்ட பூட்டாக இல்லாமல் அதன் ஒரு பாகமாக இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளராகப் பதினைந்து வயது மகளை உட்கார வைக்காதிருக்கட்டும். எவ்வளவு குடித்தேன் என்று தன் பிள்ளையின் வாய் வழியாகச் சொல்ல எந்தத் தகப்பனாலும் முடியாது.

நோயாளியின் வீட்டார்க்கு ஒரு சொல். ‘மாற்று ஈரலுக்கு அனுப்புவீர்களா’ என்ற கேள்வியை நீங்களே முதலில் கேளுங்கள். அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்டு, அதை எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு மையத்தில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. கடைசியில் முடியாது என்றே வந்தாலும், வலியைத் தணிக்கும் பராமரிப்பை உடனே கேளுங்கள். பட்டியலில் இடமில்லாதவருக்கும் வலியில்லாமல் இருக்க உரிமை உண்டு.

வரிசையைக் குறுக்கும் வழி ஒன்று எங்கள் கையிலும் இருக்கிறது. நொவா ஸ்கோஷியா 2021 ஜனவரியில், மறுக்காத வயதுவந்தோர் எல்லாரும் கொடையாளர் என்று சட்டம் கொண்டுவந்தது. வட அமெரிக்காவில் அதுவே முதல். கியூபெக்கில் அப்படியில்லை, நாங்களாகச் சம்மதம் சொல்ல வேண்டும். சூரியன் படம் போட்ட சுகாதார அட்டையின் பின்பக்கத்தில் ஓர் ஒட்டியை ஒட்டிக் கையெழுத்துப் போடலாம், அரசின் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம், நொத்தாரிசிடம் பதியலாம். வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். எரிக்கப்போகும் உடலில் உறுப்புக் குறைந்தால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்போம் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலகமெல்லாம் கண் அனுப்பிக்கொண்டிருக்கிறது. 2008இல் சென்னையில் ஹிதேந்திரன் என்ற பையனின் பெற்றோர், விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. அந்த இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. 2023இலிருந்து அங்கே கொடையாளரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கிறது. நாங்கள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக்கூடச் சோம்பல்படுகிறோம்.

கையெழுத்துப் போடும்போது அந்த ஒட்டி எங்களிடம் எதையும் கேட்பதில்லை. உங்கள் ஈரல் குடிக்காதவருக்குத்தான் போக வேண்டும் என்று எழுத அதில் இடமில்லை. இடம் விடாமல் வைத்தவர்களுக்கு என் வணக்கம். கொடுப்பவரிடம் கேட்காத கேள்வியை வாங்குபவரிடமும் கேட்காமல் விடுங்கள். எவ்வளவு நோய், எவ்வளவு அவசரம், எவ்வளவு பலன் என்று மட்டும் கேளுங்கள். அது தகைமை. மிச்சம் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் கேட்க அருகதை இல்லாத கேள்விகள்.